கோழியா, மீனா?

ஏப்ரல் மாதத்தில் எந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு துறையில் ஒரு பேராசிரியர் கோழிகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர் கால்நடை மருத்துவம் சொல்லிக்கொடுப்பவர் அல்லர். லத்தீன் இலக்கணமோ, இடைக்கால ஐரோப்பிய வரலாறோ, புள்ளியியலோ அவருடைய பாடமாக இருக்கும். ஆனால் அந்த மாதத்தில் அவருடைய அறைக்கதவைத் தட்டி, "ஆராய்ச்சியெல்லாம் எப்படிப் போகிறது?" என்று விசாரித்தால், "நாற்பத்தேழு கோழி, பத்தொன்பது மீன், பதினொரு சைவம், பதிலே போடாதவர்கள் முப்பத்தாறு" என்றுதான் விடை வரும்.

இவர்தான் ஹானர் சொசைட்டியின் விருந்துத் தலைவர். ஆணாகவும் இருக்கலாம். நான் பார்த்தவரையில் இந்த வேலை பெண்கள் தலையில்தான் வந்து விடிகிறது. ஏன் என்று கேட்டால் கமிட்டி போட்டு ஆராய்வார்கள், அந்தக் கமிட்டிக்கும் அவரையே தலைவராகப் போடுவார்கள். ஆகவே அம்மையார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஹானர் சொசைட்டி என்பது படிப்பில் முன்வரிசையில் நிற்கும் மாணவர்களைத் தேடிப் பிடித்து உறுப்பினராக்கி, ஒரு சான்றிதழும், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின்னும் கொடுக்கும் சங்கம். பெயர் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மூத்தது ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5ஆம் தேதி, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் தொடங்கியது. அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ரகசியக் கைகுலுக்கல், ரகசியக் குறிவாசகம், பதக்கம் எல்லாம் வைத்துக்கொண்டு, ராலே டாவர்ன் என்ற மதுவிடுதியில் கூடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அந்த ஐவரை நினைத்தால் அம்மையாருக்கு வயிறு எரியும். ஐந்து பேருக்கு ஒரு மேசை போதும். உணவு ஒவ்வாமைப் படிவம் கிடையாது. மேசைக்கு நடுவே பூ வைக்க வேண்டியதில்லை. மதுவிடுதியில் பிறந்த இந்த மரபுக்கு இன்றைக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊற்ற வேண்டுமென்றாலோ, மாணவர்களில் பாதிப் பேர் 21 வயதைத் தொடாதவர்கள். தனி அனுமதி, தனிப் பணியாளர், அடையாள அட்டை பார்க்க ஒரு ஆள், டீனின் கையெழுத்து. அம்மையார் ஒரு பெருமூச்சு விட்டு, "பழரச பஞ்ச்" என்று எழுதிவிடுவார்.

ஒரு சங்கத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பொறியியல் மாணவர்களுக்கு ஃபை பீட்டா கப்பாவில் இடமில்லை என்பதால், லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் வில்லியம்ஸ் 1885இல் டாவ் பீட்டா பை என்ற சங்கத்தைத் தொடங்கினார். இத்தனைக்கும் அவரே ஃபை பீட்டா கப்பாக்காரர். அடுத்த ஆண்டு கார்னெலில் ஆராய்ச்சிக்காரர்களுக்காக சிக்மா சை வந்தது. 1897இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில், எல்லாத் துறைக்கும் பொதுவாக ஃபை கப்பா ஃபை வந்தது. இடம் கிடைக்காதவர்கள் ஆளுக்கொரு சங்கம் வைத்ததன் பலனை இன்று அனுபவிப்பவர் அம்மையார். அத்தனை சங்கங்களுக்கும் விருந்து ஏப்ரலில்தான். மாணவர் மன்றக் கட்டடத்தில் பெரிய ஹால் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மல்யுத்த அணியின் பரிசளிப்பும், மாணவியர் சங்கத்தின் நடன இரவும் முன்பதிவுக்குப் போட்டி.

தேதி குறிப்பது தனிப் படலம். பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறிக்கும் நம் ஜோசியருக்கு ஒரு மதத்து நாள்களைப் பார்த்தால் போதும். அம்மையாருக்கு எல்லா மதமும் ஒன்று. புனித வெள்ளி, யூதர்களின் பாஸ்கா, ரம்ஜான் மூன்றையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 15 வெள்ளிக்கிழமை புனித வெள்ளி. அன்று மாலையே பாஸ்கா தொடக்கம். நடுவில் ரம்ஜான் நோன்பு. முந்தின நாள் தமிழ்ப் புத்தாண்டு என்று ஆய்வு மாணவர் யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அந்த வருடம் விருந்தே நடந்திராது. நோன்பிருக்கும் மாணவர்களுக்குச் சூரியன் மறைந்த பிறகு தட்டு வைக்க வேண்டும் என்று சமையல் பிரிவிடம் சொன்னால், "எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். வானிலைத் தளத்தைப் பார்த்து நிமிடக் கணக்காகச் சொல்வார் அம்மையார். இந்த அக்கறையை யாரும் கவனிப்பதில்லை. அவர் எதிர்பார்ப்பதும் இல்லை.

இனி மேதைகள். ஃபை கப்பா ஃபையில் சேர மூன்றாம் ஆண்டு மாணவர் என்றால் முதல் 7.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நான்காம் ஆண்டு என்றால் முதல் 10 சதவீதம். டாவ் பீட்டா பையில் மூன்றாம் ஆண்டில் எட்டில் ஒரு பங்கு, நான்காம் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு. இப்படிச் சலித்து, புடைத்து, கல் பொறுக்கி எடுத்த அறிவாளிகளிடம் அம்மையார் கேட்பது ஒரே ஒரு கேள்வி: கோழியா, மீனா, சைவமா?

பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்த கேள்வி என்பதால் பிள்ளைகள் திணறுகிறார்கள். "ஆம்" என்று மட்டும் எழுதிவிட்டு ஒருவன் நிம்மதியாக இருப்பான். "இரண்டுமே நன்றாக இருக்கும் போலிருக்கிறதே" என்று ஒருத்தி பாராட்டுவாள். அந்த மீன் எந்தக் கடலில், எந்த வலையில் பிடிபட்டது என்று சுற்றுச்சூழல் துறை கேட்கும். தனக்குக் கோழி வேண்டும் என்பதை ஒருவன் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து அனுப்புவான். உடனே எல்லாரும், "தயவுசெய்து எல்லாருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று எல்லாருக்கும் பதில் அனுப்புவார்கள். கணிதத்தில் 4.0 வாங்கிய பையன், "வருவதற்கு வாய்ப்பு இருக்கிறது" என்று எழுதுவான். அம்மையார் பொறுமையாகத் திருப்பி எழுதுவார்: "மகிழ்ச்சி. 0.6 கோழி சமைக்கச் சொல்லட்டுமா?"

அதற்கும் பதில் வராது.

பதில் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. "வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், உறுப்பினர் கட்டணத்தை இந்தத் தேதிக்குள் செலுத்தவும்" என்று வரும் கடிதத்தைப் பார்த்தால், லாட்டரி விழுந்ததாகச் சொல்லி வங்கி எண் கேட்கும் கூட்டத்தின் கடிதத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. புத்திசாலி மாணவன் உடனே குப்பையில் தள்ளிவிடுகிறான். அதாவது, சங்கத்தில் சேரத் தகுதியானவன்தான் சங்கத்தின் கடிதத்தை அழிக்கிறான். அசடனாக இருந்தால் பணம் கட்டியிருப்பான். ஆனால் அவனுக்குக் கடிதம் போகாது. இந்தச் சிக்கலைத் தர்க்கவியல் பேராசிரியரிடம் கொண்டுபோய் அம்மையார் தீர்வு கேட்டதுண்டு. அவர் அழகான சிக்கல் என்று ரசித்துவிட்டு, தனக்கு மீன் என்று சொல்லி அனுப்பினார்.

பெற்றோர் போன் செய்வார்கள். "என் மகள் தேர்வாகியிருக்கிறாளா? மதிப்பெண் எவ்வளவு?" 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் பெற்ற தாயிடமும் சும்மா சொல்லிவிட முடியாது. அம்மையார் பணிவாக மறுப்பார். "சரி, அவள் என்ன சாப்பாடு கேட்டிருக்கிறாள்? அதையாவது சொல்லுங்கள்" என்பார் தாய். மகள் கேட்ட மீன், கல்விப் பதிவேட்டில் சேருமா சேராதா? அம்மையார் இதையும் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். சட்டப் பிரிவின் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறார்கள்.

இந்தப் பதில்களையெல்லாம் போட்டு வைக்க ஒரு எக்செல் கோப்பு உண்டு. கோழிக்கு மஞ்சள், மீனுக்கு நீலம், சைவத்துக்குப் பச்சை, பதில் வராதவர்களுக்குச் சிவப்பு. யாருக்கும் தெரியாத ஓர் உண்மை: அம்மையாரைப் பொறுத்தவரை பல்கலைக்கழகத்தின் உண்மையான தரவரிசைப் பட்டியல் இதுதான். கேட்ட அன்றே பதில் போட்டவர்களை அவர் பெயரோடும் முகத்தோடும் நினைவில் வைத்திருப்பார். இரண்டு வருடம் கழித்துப் பரிந்துரைக் கடிதம் கேட்டு யாராவது வந்தால், அவன் என்ன கிரேடு வாங்கினான் என்று பார்க்கமாட்டார். கோப்பைத் திறந்து நிறத்தைப் பார்ப்பார். "நம்பகமானவர், குறித்த காலத்தில் வேலையை முடிப்பவர்" என்று ஒரு கடிதத்தில் அவர் எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை மார்ச் மாதத்திலேயே கோழி என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

சமையல் பிரிவோடு நடக்கும் பேச்சுவார்த்தைதான் அவருடைய வாழ்நாளைக் குடிப்பது. பல வளாகங்களில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் ஒப்பந்தம். வெளியிலிருந்து ஒரு பிஸ்கட் கொண்டுவரக் கூடாது. விருந்துக்கு மூன்று வேலை நாள்களுக்கு முன்பே இறுதி எண்ணிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த எண்ணிக்கைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். நம் ஊர்க் கல்யாணத்தில் நாற்பது பேர் கூடுதலாக வந்தால் சாம்பாரில் ஒரு குடம் தண்ணீர் ஏறும், அடுத்த பந்திக்கு இலை விழும். இங்கே வறுத்த கோழி நெஞ்சுக்கறியில் தண்ணீர் ஊற்ற வழியில்லை. தட்டுக்கு இவ்வளவு என்பார்கள். அதன் மேல் சேவைக் கட்டணம். அதன் மேல் மேசைவிரிப்பு. காபிக்குத் தனியாக ஒரு வரி இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு விற்பனை வரி விலக்கு உண்டு என்ற படிவத்தை அம்மையார் கைப்பையிலேயே வைத்திருப்பார், ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்தில்.

இதையெல்லாம் கமிட்டிதான் முடிவு செய்கிறது. அதாவது, அம்மையார் முடிவு செய்ததை எல்லாரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கலைப்பார்கள். மாணவத் துணைத் தலைவர் வருவதில்லை. அந்தப் பதவி அவருடைய பயோடேட்டாவுக்காக உண்டாக்கப்பட்டது. பொருளாளர் கணக்கியல் துறைக்காரர். பூ எதற்கு என்று கேட்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவருக்கு முன்னொரு காலத்தில் நடந்த விருந்தில் ரோஸ்ட் பீஃப் போட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில்லை. கூடவே ராபர்ட்டின் விதிகள் முழுவதும் நினைவிருக்கிறது.

ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பவர் ராணுவப் பொறியாளர். உள்நாட்டுப் போர்க் காலத்தில், நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கைக்கு அடங்கவில்லை. அந்த அவமானத்தில் கூட்ட நடைமுறைகளைப் படிக்கத் தொடங்கி, 1876இல் ஒரு விதிநூலை வெளியிட்டார். போர்முனைக்குப் பாலம் கட்டுவதும் மதில் கட்டுவதும் அறிந்த மனிதருக்கே அடங்காத கூட்டம் என்றால், அது விருந்துக்குக் கமிட்டி போட்ட கூட்டமாக இருந்திருக்கும் என்பது அம்மையாரின் துணிபு.

சாப்பாட்டு மேசைக் கைத்துணியின் நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபை பீட்டா கப்பாவுக்கு இளஞ்சிவப்பும் நீலமும். இரண்டையும் மேசையில் போட்டால், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய யாருக்கோ விழா என்று நினைத்து வழிப்போக்கர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். டாவ் பீட்டா பைக்கு வெள்ளையும், கடல்நாய்த் தோலின் பழுப்பும். அந்தப் பழுப்பு எந்த வாடகைக் கடையிலும் கிடைக்காது. சாக்லேட் பழுப்பு என்று ஒன்றைக் கொடுப்பார்கள், மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது கடல்நாய் இல்லை" என்பார். நிறத்தை வாக்கெடுப்புக்கு விடலாம் என்று ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, திருத்தம் வந்து, திருத்தத்துக்குத் திருத்தம் வந்து நிற்கும்போது, கூட்டம் நடத்தத் தேவையான குறைவெண் இல்லை என்று பெரியவர் கண்டுபிடிப்பார். பொருளாளர் எப்போதோ எழுந்து போயிருப்பார். அம்மையார் வெள்ளைக் கைத்துணிக்கு ஒரு வாரம் முன்பே ஆர்டர் கொடுத்துவிட்டிருப்பார். இதை அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்வதில்லை.

பேச்சாளர் பிரச்சினை வேறு. பன்னிரண்டு நிமிடம் என்று எழுத்தில் கொடுத்திருப்பார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் பேச்சாளர் தண்ணீர் குடித்துவிட்டு, "இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்" என்பார். கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்று சொல்லும் பேச்சாளரும் உண்டு. அப்போது மட்டும் அம்மையார் கலங்கமாட்டார். 1837 ஆகஸ்ட் 31 அன்று ஹார்வர்டின் ஃபை பீட்டா கப்பா கூட்டத்தில் எழுத்தாளர் எமர்சன் ஆற்றிய 'அமெரிக்க அறிஞன்' உரை அந்த நாட்டின் இலக்கிய வரலாற்றிலேயே பெயர் பெற்றது. எமர்சனை முதலில் கூப்பிடவே இல்லை. வெயின்ரைட் என்ற பாதிரியாரை அழைத்திருந்தார்கள். அவர் முடியாது என்று ஒதுங்கிக்கொண்டதால் எமர்சனுக்கு வாய்ப்பு வந்தது. அவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். இதைச் சொல்லி ஆறுதல் அடைந்துவிட்டு, அம்மையார் புவியியல் துறைக்குப் போன் செய்வார். அங்கே எமர்சன் யாரும் இல்லை; எரிமலைப் படங்கள் நூற்றுப் பத்து வைத்திருக்கும் ஒருவர் இருப்பார், உடனே ஒப்புக்கொள்வார்.

விருந்தன்று அம்மையாரைப் பார்க்க வேண்டும். கருநீலக் கோட்டு, அதில் பின், கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கத்தரி, டேப், ஊக்கு, மாற்றுச் செருப்பு, பேட்டரி. பேட்டரி மெழுகுவத்திக்கு. சேர்ப்புச் சடங்கில் விளக்கை அணைத்துவிட்டு, அறிவுக்கு ஒன்று, ஒழுக்கத்துக்கு ஒன்று, தோழமைக்கு ஒன்று என்று மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் பல சங்கங்களில் உண்டு. தீயணைப்பு விதி வந்த பிறகு பிளாஸ்டிக் மெழுகுவத்தியின் அடியில் ஒரு பொத்தானைத் தள்ளுகிறார்கள். உணர்ச்சிப் பெருக்கோடு உறுதிமொழி வாசிக்கும்போது ஒழுக்கம் மட்டும் எரியாது. அம்மையார் இருட்டில் குனிந்து போய் பேட்டரியை மாற்றிவிட்டு வருவார்.

அடுத்து பெயர் வாசிப்பது. இதில் அவருக்கு நான் கைகூப்புவேன். பல மேடைகளில் பெயரை மென்று துப்புகிறார்கள். அம்மையார் ஒவ்வொரு மாணவரையும் போனில் கூப்பிட்டு, உச்சரிப்பைக் கேட்டு அட்டையில் எழுதி, ஒரு வாரம் காரில் சத்தமாகச் சொல்லிப் பழகுவார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள், யாரோ மந்திரம் ஓதுகிறார்கள் என்று ஜன்னலை ஏற்றிக்கொள்வார்கள். "முத்துக்குமாரசாமி" என்பதை அவர் அசை பிரித்துச் சொல்லும் அழகுக்குத் தனியாக ஒரு பின் கொடுக்கலாம். ஒரே சங்கடம்: முத்துக்குமாரசாமி அந்த மாணவனின் தகப்பனார். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் போய் உட்கார்ந்து, பதிவாளர் அலுவலகத்தில் முன்னால் வந்து, பையனின் சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. கல்லூரி வாசலை மிதித்திராத ஈரோட்டு மனிதர், தமக்கே தெரியாமல் அமெரிக்க அறிவாளிகள் சங்கத்தில் கைதட்டலோடு சேர்க்கப்படுகிறார். பையன் மேடையேறிச் சான்றிதழை வாங்கிக்கொள்வான். திருத்தச் சொல்ல அவனுக்கு மனம் வராது. அம்மையார் அவ்வளவு சரியாக உச்சரித்திருப்பார்.

பரிமாறும் நேரம். மீன் கேட்ட பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர், பக்கத்துத் தட்டில் கோழியைப் பார்த்ததும் தாங்கள் கேட்டதும் கோழிதான் என்று சத்தியம் செய்வார்கள். சைவம் கேட்டது யார் என்று பரிமாறுபவர் கேட்கும்போது ஒரு கையும் உயராது. குடைமிளகாய்க்குள் சோறு அடைத்து வருவதை முன்கூட்டியே பார்த்துவிட்டார்கள். முத்துக்குமாரசாமியின் மகன் மட்டும், "இதில் முட்டை இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வான். வருவதாகச் சொன்னவர்களில் ஒன்பது பேர் வந்திருக்கமாட்டார்கள். சொல்லாதவர்களில் எட்டுப் பேர் வந்திருப்பார்கள், ஒருவன் பாட்டியோடு. "வாய்ப்பு இருக்கிறது" பையனும் வந்திருப்பான். அவனுக்காக அம்மையார் ஒரு முழுக் கோழித் தட்டை ஒதுக்கி வைத்திருப்பார். தானே சாப்பிட வேண்டிய தட்டு அது. கடைசியில் யாரோ தொடாமல் விட்டுப்போன சீஸ் கேக்கை நின்றுகொண்டே சாப்பிடுவார், முள்கரண்டி கிடைத்தால் முள்கரண்டியால்.

மேசைப் பூக்களை யார் எடுத்துப்போவது என்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்: நாற்காலிக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவருக்குப் பூ. முதல் 7.5 சதவீதத்தினர் வந்தவர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடும் அந்தக் காட்சிதான் வருடம் முழுவதும் அவருக்குக் கிடைக்கும் ஊதியம்.

ஹால் காலியானதும் நிர்வாகிகள் ஒரு மூலையில் கூடுவார்கள். கடைசித் தீர்மானம்: அடுத்த ஆண்டு விருந்துக் குழுத் தலைவர். இந்த இடத்தில் எல்லாருக்கும் தங்கள் காபியில் ஏதோ விழுந்துவிட்டதாகத் தோன்றி, உற்றுப் பார்ப்பார்கள். "நான் போன வருடமே சொல்லிவிட்டேன், இதுதான் கடைசி" என்பார் அம்மையார். அவர் வாக்கியம் முடிவதற்குள் பெரியவர் அவர் பெயரை முன்மொழிவார்; முன்மொழிவது முடிவதற்குள் பொருளாளர் வழிமொழிவார். ஆட்சேபம் உண்டா என்று கேட்கப்படும். ஆட்சேபம் அம்மையாருக்கு மட்டும்தான். வேட்பாளரும் வாக்களிக்கலாம் என்று பெரியவர் விதி காட்டுவார். நான்குக்கு ஒன்று.

அம்மையார் முகத்தைச் சுளித்துக்கொண்டே துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்து மேசையில் வைப்பார். அடுத்த ஏப்ரல், இரண்டாவது சனிக்கிழமை, பெரிய ஹால், முன்பணம் கட்டியாகிவிட்டது, ரசீது எண் உட்பட. ரசீதின் தேதி பிப்ரவரி மாதத்தது.

"ஒரே ஒரு மாற்றம்தான் செய்யப்போகிறேன்" என்பார். "மீனை எடுத்துவிடலாம்."

பெரியவர் கையை உயர்த்துவார். "ஒழுங்குப் பிரச்சினை, தலைவரே. மீனை எடுத்தால் அந்த இடத்தில் ரோஸ்ட் பீஃப்..."